ஆயுத பூஜைக்குத் துடைக்கப்பட்ட டிரைவ்

1. அதுவாகவே கேட்டது

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் எங்கள் இரும்பு வார்ப்பாலையில் உற்பத்தி நடக்காது. அன்றைக்குத் துடைப்பதுதான் வேலை. உலைக்கூடத்து கிரேனிலிருந்து வாயிற்காவலரின் டார்ச் விளக்கு வரை எல்லாவற்றையும் டீசலில் நனைத்த துணியால் துடைத்து, பழைய துணியால் மறுபடி துடைத்து, பளபளக்க வைத்துவிடுவார்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் எல்லாத் தெருக்களிலும் அன்று டீசல் வாசனை வீசும். வாழைக்கன்றும் பூசணிக்காயும் ஏற்றிய சிறிய வண்டிகள் போய்க்கொண்டிருக்கும்.

அந்த ஆலையில் கணினிகள் அனைத்தும் என் பொறுப்பில் இருந்தன. 'சிஸ்டம்ஸ் மேடம்' என்பார்கள். அன்று முற்பகல் என் அறை வாசலில் துடைக்கும் துணியோடு எத்திராஜ் வந்து நின்றார். அலுவலக உதவியாளர், பழவேற்காட்டுப் பக்கம் மீன்பிடிக் குடும்பத்தவர், என் வயதுக்காரர்.

"மேடம், கொஞ்சம் இன்ஸ்பெக்‌ஷன் ரூமாண்ட வாங்க. தேவகிருபை பேசாம உக்காந்துகினு கீது. எனுக்கு பயமா கீது."

"என்ன ஆச்சு?"

"இன்னா ஆச்சுன்னுதான் எனுக்கும் தெரியல. நான் நல்லதுதான் பண்ணேன்."

ஆய்வறையின் பொறுப்பாளர் தேவகிருபை. நான் போனபோது அவள் முன்னால் ஒரு கறுப்பு எக்ஸ்டர்னல் டிரைவ் இருந்தது. அவ்வளவு சுத்தமாக அதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. விண்டோஸ் கணினியில் செருகப்பட்டிருந்த அது, திறந்து பார்த்தால் காலியாக இருந்தது. அந்தப் பருவத்தில் வார்த்த பம்ப் பாகங்கள் அத்தனையின் ஸ்கேன் கோப்புகளும் இருந்த டிரைவ் அது.

எத்திராஜ் கதவோரம் நின்றபடியே சொன்னார்: "மேசைய தொடச்சேன். இது கெடந்துச்சு, இதையும் தொடச்சேன். எந்த மிஷினோடதுன்னு தெரியாம இதுல சொருவுனேன். 'ஃபார்மட் பண்ணட்டுமா'ன்னு அதுவே கேட்டுச்சு மேடம். நானா ஒண்ணும் பண்ணல. எம்பொண்ணு செல்லு ஸ்லோவா ஆனப்போ கடைக்காரன் இன்னா சொன்னான்? ஃபார்மட் அடிச்சா புத்சு மாரி ஆயிடும்னான். சரி, நாளைக்குப் பூஜையாச்சே, இதுவும் சுத்தமாவட்டும்னு குடுத்தேன். ரெண்டு தபா கேட்டுச்சு. ரெண்டு தபாவும் சரின்னேன்."

தேவகிருபை தலை நிமிராமல் சொன்னாள்: "மூணாவது தபா கேட்டிருந்தா அதுக்கும் சரின்னு சொல்லியிருப்பீங்க, இல்லண்ணா?"

குரலில் கோபம் இல்லை. எனக்கு அதுதான் கவலையாக இருந்தது.

2. அந்த அறை இருப்பதும் மூடுவதும்

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, அந்த டிரைவில் ஓர் அறையின் வாழ்வு எப்படி மாட்டிக்கொண்டது என்பதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஆலையில் பம்புகளுக்கான இரும்பு உறுப்புகளை வார்த்துக் கொடுத்தோம். ஒவ்வொரு வார்ப்பையும் முப்பரிமாண ஸ்கேனரால் அளந்து, அந்தக் கோப்பை வாடிக்கையாளரிடம் ஒப்படைக்க வேண்டும். வாடிக்கையாளர் தடாவைத் தாண்டி ஆந்திரப் பக்கம் இருந்த ஒரு பம்ப் நிறுவனம். வடிவமைப்பு ரகசியம் என்பதால் இணையம் வழியே எதையும் அனுப்பக் கூடாது என்பது அவர்கள் விதி. அவர்களுடைய பொறியாளர் சுதாகர் நேரில் வருவார். எங்கள் டிரைவைத் தம் மேக் மடிக்கணினியில் செருகிக் கோப்புகளைப் பார்ப்பார். எங்கே உலோகம் கூடுதல், எங்கே குறைவு என்று குறித்து, அந்தக் குறிப்பை அதே டிரைவில் எழுதித் தருவார்.

எழுதித் தருவார் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் நடந்ததே இல்லை.

டிரைவை எந்த ஃபார்மட்டில் வைத்திருக்கிறோம் என்பதை எங்களில் யாரும் முடிவு செய்திருக்கவில்லை. கடையிலிருந்து வந்தபடியே பயன்படுத்தினோம். முதல் டிரைவ் FAT32. அதை எல்லாக் கணினிகளும் படிக்கும். ஆனால் நான்கு ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. பெரிய வார்ப்பின் ஸ்கேன் அந்த எல்லையைத் தாண்டிவிடும். டிரைவில் இடம் தாராளமாக இருந்தும் 'கோப்பு மிகப் பெரியது' என்று மறுத்துவிட்டது. சுதாகர் வெறுங்கையோடு போனார். அடுத்த டிரைவ் NTFS. அது விண்டோஸின் சொந்த ஃபார்மட். மேக் அதைப் படிக்கும், எழுதாது. சுதாகர் எல்லாவற்றையும் பார்த்தார்; ஒரு குறிப்பைக்கூடச் சேமிக்க முடியவில்லை. "மியூசியம் மாதிரி இருக்கு மா. பாக்கலாம், தொடக்கூடாது" என்று சிரித்துவிட்டுப் போனார்.

ஆலை மேலாளர் சந்தானம் சிரிக்கவில்லை. "ரெண்டு தடவை ஆச்சு. மூணாவது தடவையும் இப்படின்னா ஸ்கேனிங்க வெளி லேபுக்குக் குடுத்துடுவேன். அந்த ரூமுக்கு ஏசி போட்டு நாலு பேரை உக்கார வெச்சிருக்கறதுக்கு ஒரு காரணம் வேணும்ல?" என்றார்.

அந்த நாலு பேர் தேவகிருபையும் அவள் பழக்கிய மூன்று பெண்களும். நால்வரும் ஃபெட்லிங் கொட்டகையிலிருந்து வந்தவர்கள். வார்ப்பில் துருத்தி நிற்கும் உபரி இரும்பைக் கிரைண்டரால் தேய்த்து எடுக்கும் இடம் அது. மாலையில் வெளியே வரும்போது இமையிலும் இரும்புத் தூள் ஒட்டியிருக்கும். தேவகிருபையின் அப்பா பிறர் நிலத்தில் நாற்று சுமந்தவர். மகளுக்குத் தொழிற்சாலை வேலை கிடைத்ததே போதும் என்று இருந்தவர். அவள்தான் போதாது என்று நினைத்தாள். உணவு இடைவேளைகளில் ஸ்கேனர் அறைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துப் பார்த்து, கேட்டுக் கேட்டு உள்ளே வந்தவள். அறை மூடினால் நால்வரும் திரும்பப் போக வேண்டிய இடம் அந்தக் கொட்டகைதான்.

பிறகு ஸ்கேனரைப் பழுதுபார்க்க வந்த பொறியாளர் ஒருவர் ஒரு புதிய டிரைவை ext4 என்ற ஃபார்மட்டில் அமைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஸ்கேனரின் கணினி லினக்ஸில் ஓடுவது. அதற்கு ext4 மிகப் பொருத்தம். ஸ்கேனர் கணினியில் இடம் குறைவு என்பதால் முடிந்த கோப்புகளை அந்த டிரைவுக்கு மாற்றிவிட்டு உள்ளே அழித்துவிடுவது அறையின் வழக்கம். ஆகவே எல்லாமே அந்த ஒற்றை டிரைவில் இருந்தன. விண்டோஸுக்கு ext4 தெரியாது. தெரியாததை அது 'தெரியாது' என்று சொல்வதில்லை. வெற்று டிரைவ் என்று எண்ணிக்கொண்டு, 'ஃபார்மட் செய்யட்டுமா' என்று பணிவாகக் கேட்கும். எத்திராஜிடமும் அப்படித்தான் கேட்டது.

சுதாகர் விஜயதசமிக்கு மறுநாள் வருவதாக இருந்தது.

சந்தானம் ஆய்வறைக்கு வந்தார். "யார் பண்ணது?"

"ரூம் என் பொறுப்பு சார்" என்றாள் தேவகிருபை.

"நான் பொறுப்பக் கேக்கல. யாருன்னு கேட்டேன்."

"நான்தான் சார்" என்று எத்திராஜ் முன்னால் வந்தார். "அந்தப் பொண்ணு ரூம்லயே இல்ல."

"நீ எதுக்குய்யா அதத் தொட்ட?"

"ஒண்ணு வுடாம தொடைக்கச் சொன்னது நீங்கதானே சார்."

சந்தானம் மேலே கேட்பதற்குள் நான் பேசினேன். "சார், இந்த டிரைவை இனி யாரும் எதிலும் செருகக் கூடாது. சுதாகர் வரும்வரை அவகாசம் கொடுங்கள். முடியாது என்று தெரிந்தால் நானே வந்து சொல்கிறேன்."

"முடியும்னு சொல்றீங்களா?"

"முயல்வேன் என்று சொல்கிறேன்."

3. பூஜை நாள்

அவசரமாகச் செய்யும் ஃபார்மட், கோப்புகளை உடனே அழிப்பதில்லை. ஒரு ரயில் நிலையத்தின் பெயர்ப் பலகைகளை எல்லாம் கழற்றிவிட்டு வேறு பெயர் மாட்டியதைப் போன்றது அது. தண்டவாளமும் நடைமேடையும் அங்கேயே இருக்கும். எந்த இடம் எது என்பதுதான் தெரியாமல் போகும். ஆனால் அதன்மேல் புதிதாக எதையாவது எழுதிவிட்டால் நடைமேடையே போய்விடும். ஆகவே முதல் வேலை, எதையும் எழுதாமல் இருப்பது. இரண்டாவது, டிரைவை முதலிலிருந்து கடைசிவரை அப்படியே வேறொரு டிரைவுக்கு நகலெடுப்பது. மூன்றாவது, மூலத்தைப் பூட்டி வைத்துவிட்டு நகலில் மட்டும் தேடுவது. பதற்றத்தில் பலர் மூலத்திலேயே தேடத் தொடங்கி, மிச்சமிருப்பதையும் கெடுத்துக்கொள்வார்கள்.

பூஜையன்று காலையில் ஆலை முழுவதும் சந்தனமும் பொரியும் மணத்தன. ஸ்கேனருக்கும் சாமந்திச் சரம் சுற்றியிருந்தார்கள். தேவகிருபை ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். பொட்டு வைக்க எத்திராஜை அழைத்தாள். அவர் வைத்து முடிக்கும்வரை குங்குமத் தட்டைத் தான் பிடித்துக்கொண்டு நின்றாள். முந்தைய நாளுக்குப் பிறகு அவர் அந்த அறைப் பக்கம் வரத் தயங்கிக்கொண்டிருந்தார். அவள் அழைத்தது பொட்டுக்காக மட்டும் அல்ல என்பது அவருக்கும் புரிந்திருக்க வேண்டும்.

என் மடிக்கணினிக்கு மட்டும் பொட்டு வைக்க விடவில்லை. "இது இன்னும் டூட்டியில் இருக்கிறது" என்றேன். நகல் ஓடி முடிந்ததும் தேடத் தொடங்கினேன். ext4 தன் அமைப்பு விவரத்தை ஒரே இடத்தில் வைப்பதில்லை. டிரைவின் வெவ்வேறு இடங்களில் அதன் பிரதிகளை வைத்திருக்கும். முன்பகுதி போயிருந்தாலும் உள்ளே ஒரு பிரதி பிழைத்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு இறங்கியதும் கோப்புறைகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. தேவகிருபை என் பின்னால் நின்று பெயர்களை வாசித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் அவள் மூச்சு சற்று இறங்குவது என் தோளில் தெரிந்தது.

மாலைக்குள் ஒன்றைத் தவிர எல்லாம் வந்துவிட்டன. வராதது, இருந்ததிலேயே பெரிய வார்ப்பான பம்ப் ஹவுசிங், அதாவது பம்பின் வெளிக்கூடு. கோப்பின் நடுவில் புதிய ஃபார்மட் தன் சொந்தக் கணக்கை எழுதியிருந்தது. சுதாகர் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்.

"பீஸ் யார்டுல இருக்கு மேடம்" என்றாள் தேவகிருபை. "பொட்டியில அடிச்சி வெச்சிருக்காங்க. பொட்டியப் பிரிச்சா திரும்ப எடுத்துடலாம்."

அங்கே வந்திருந்த சந்தானம், "அப்ப இப்பவே பிரிங்க. எடுங்க" என்றார்.

"பூஜை போட்ட மிஷின இன்னிக்கு ஓட்டக் கூடாது சார்" என்றார் எத்திராஜ்.

"எத்திராஜு, நீ பண்ணதுக்கு நீ சாங்கியம் வேற பேசறியா?"

தேவகிருபை குறுக்கிட்டாள். "சார், எனக்கு அந்த வழக்கம் கெடையாது. ஆனா இங்க எல்லாருக்கும் கீது. இன்னிக்கு ஓட்டிட்டு, நாளப் பின்ன ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆச்சுன்னா, பூஜையன்னிக்கு ஓட்டுனதாலதான்னு இந்த ரூமத்தான் சொல்லுவாங்க. நாளைக்குக் காலைல விஜயதசமி. புதுசா வேல தொடங்குற நாளு. ஆலைல மொதல்ல ஓடுற மிஷின் இதுவா இருக்கட்டும்."

"சரி, காலைல முதல் வேலையா எடுங்க" என்று சொல்லிவிட்டுச் சந்தானம் கிளம்பினார்.

4. யார் யார் படிக்கப் போகிறார்கள்

விஜயதசமி காலையில் விடுமுறையாயினும் நான்கு பெண்களும் வந்துவிட்டார்கள். பெட்டியைப் பிரித்து, ஹவுசிங்கைக் கிரேனில் தூக்கிக் கொண்டுவர எத்திராஜ் ஆள் பிடித்து வந்தார். இரும்பின் பளபளப்பு ஸ்கேனரின் ஒளியைத் தடுமாற வைக்கும் என்பதால் மேலே வெள்ளைப் பொடி தெளித்து, குறிப்புப் புள்ளிகளை ஒட்டி, தேவகிருபை வேலையைத் தொடங்கினாள். வெள்ளையடித்த யானைக்குட்டியைப் போல் அந்த வார்ப்பு மேசையில் உட்கார்ந்திருந்தது.

அவள் ஸ்கேன் எடுத்துக்கொண்டிருக்க, நான் ஒரு தாளில் அந்த டிரைவ் போகப்போகும் கணினிகளை எழுதினேன். ஸ்கேனரின் லினக்ஸ். அலுவலகத்து விண்டோஸ். சுதாகரின் மேக். பேட்டர்ன் ஷாப்பில், வார்ப்பு அச்சுக்கு மாதிரி கடையும் பழைய சிஎன்சி எந்திரம். பிறகு ஒவ்வொன்றிடமும் இரண்டே கேள்விகள்: படிப்பாயா, எழுதுவாயா? ext4 என்றால் லினக்ஸ் மட்டும் ஆமென்கிறது. NTFS என்றால் மேக் பாதியில் நிற்கிறது. மேக்கின் சொந்த ஃபார்மட் என்றால் விண்டோஸ் கைவிரிக்கிறது. FAT32 என்றால் எல்லோருக்கும் சம்மதம்; எங்கள் கோப்புக்குத்தான் சம்மதம் இல்லை. exFAT என்றால் மூன்று கணினிகள் படிக்கவும் எழுதவும் ஒப்புக்கொள்கின்றன; கோப்பின் அளவும் தடையில்லை. பழைய சிஎன்சி மட்டும் ஒதுங்குகிறது. அதற்குத் தேவையானவை சிறிய கோப்புகள். அதற்கென்று தனியாக ஒரு FAT32 பென் டிரைவ் போதும். எல்லோருக்கும் ஒரே டிரைவ் என்ற ஆசையை அங்கே விட்டேன்.

ஸ்கேனரின் லினக்ஸ் சற்றுப் பழையது. exFAT-க்கான மென்பொருளை அதில் தனியாக நிறுவ வேண்டியிருந்தது. டிரைவை விண்டோஸிலேயே ஃபார்மட் செய்ய முடிவு செய்தேன். மேக்கில் செய்த exFAT சில சமயம் விண்டோஸில் திறப்பதில்லை என்பது அனுபவம். மீட்ட கோப்புகள் வேறு இரண்டு இடங்களில் பத்திரமாக இருப்பதை மறுபடி பார்த்துக்கொண்டு, எத்திராஜை அழைத்தேன்.

"வாங்க. இந்த முறையும் நீங்களே அமுக்குங்கள்."

"ஐயோ, ஆள வுடுங்க மேடம்!"

"கேட்டா சரின்னு சொல்லுவீங்களே அண்ணா" என்றாள் தேவகிருபை. இரண்டு நாட்களில் அவள் முதல் முறையாகச் சிரித்தது அப்போதுதான்.

மேக்கில் சோதிக்காமல் வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. ஆலையில் ஒரு மேக் கூட இல்லை. கும்மிடிப்பூண்டி பஜாரில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோ ஒன்றில் இருப்பதாக அந்தப் பெண்களில் ஒருத்தி சொன்னாள். சுதாகருக்குரிய கோப்புகளை வெளியே காட்டக் கூடாது என்பதால், எங்கள் பழைய பயிற்சி வார்ப்பு ஒன்றின் பெரிய ஸ்கேன் கோப்பை மட்டும் டிரைவில் போட்டுக்கொண்டு, ஹவுசிங் ஸ்கேனை மற்ற மூவரிடமும் விட்டுவிட்டு, நானும் தேவகிருபையும் ஷேர் ஆட்டோவில் போனோம். ஸ்டூடியோக்காரர் அங்கேயே நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவிவிட்டு வந்து டிரைவைச் செருகினார். திறந்தது. கோப்பை நகலெடுத்தார். ஒரு சிறு குறிப்பை எழுதிச் சேமித்தார். அதுவும் பதிந்தது. திரையில் இரும்பு உருளை ஒன்று சுழல்வதைப் பார்த்து, "இன்னா மேடம் இது, இதுல மாப்ள யாரு?" என்றார்.

"இதான் மாப்ள" என்றாள் தேவகிருபை. "கொஞ்சம் வெயிட்டான ஆளு."

அவர் டிரைவைப் பிடுங்கப் போனார். நான் அவர் கையைத் தடுத்து, திரையில் 'வெளியேற்று' என்பதை முதலில் அழுத்தச் சொன்னேன். exFAT-இன் பலவீனம் அது ஒன்றுதான். பாதியில் பிடுங்கினால், எங்கே நிறுத்தினோம் என்று நினைவில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு NTFS-க்கும் ext4-க்கும் உண்டு, இதற்கு இல்லை. எல்லோரோடும் ஒத்துப்போகிறவரைக் கொஞ்சம் மரியாதையாக வழியனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

அன்று மாலை ஸ்கேன் முடிந்து ஹவுசிங் மறுபடி பெட்டிக்குள் போனது. எல்லாக் கோப்புகளும் டிரைவில் ஏறின.

5. மூன்றாவது தடவை

மறுநாள் சுதாகர் வந்தார். வாசலிலேயே கேட்டார்: "ஏமி மேடம், இந்த தடவையாச்சும் நான் எழுதலாமா? இல்ல டிக்கெட் வாங்கிப் பாத்துட்டு மட்டும் போணுமா?"

சந்தானம் ஆய்வறையில் கைகட்டி நின்றார். தேவகிருபை டிரைவைத் தானே எடுத்துக் கொடுத்தாள். நான் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மேக்கின் திரையில் டிரைவின் சின்னம் தோன்றியது. சுதாகர் முதலில் ஹவுசிங்கைத்தான் திறந்தார். சுழற்றினார். பெரிதாக்கினார். "இங்க ஒரு சின்னப் பள்ளம் இருக்கு, பாத்தீங்களா மா?"

"பாத்தேன் சார். வரம்புக்குள்ளதான் கீது. கிரைண்டிங்ல கொஞ்சம் கூடுதலா தேச்சிருக்காங்க."

"கிரைண்டிங்னு எப்டி தெரியும்?"

"நான் அங்க தேச்சவ சார். கை எங்க சறுக்கும்னு தெரியும்."

சுதாகர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அந்தப் பள்ளத்தைக் குறித்து, அவள் சொன்னதையே குறிப்பாக எழுதி, சேமித்தார். சேமித்ததை மூடி, மறுபடி திறந்து பார்த்தார். குறிப்பு இருந்தது. "பரவால்லேது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த கோப்புக்குப் போனார். மதியம் வரை எழுதிக்கொண்டே இருந்தார்.

அதன்பின் வெளி லேபின் பெயரைச் சந்தானத்தின் வாயால் நான் கேட்கவில்லை. சில வாரங்கள் கழித்து அந்த அறையின் ஏசி பழுதானபோது, கேட்காமலேயே ஆள் அனுப்பிச் சரிசெய்தார். அவர் பாணியில் அது ஒரு நீண்ட கடிதம்.

6. எனக்கு மிஞ்சியது

ஓய்வு பெற்ற பிறகும் சில இளைஞர்கள் கேட்பதுண்டு: "எந்த ஃபார்மட் மேடம் சிறந்தது?" அந்தக் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. உங்கள் கணினிக்கு எது சிறந்தது என்று தேடினால் அது உங்கள் கணினியோடு நின்றுவிடும். டிரைவைக் கையில் வாங்கப் போகிறவர் யார், அவர் படிக்க மட்டுமா, எழுதவுமா, கோப்பு எவ்வளவு பெரிது என்று கேளுங்கள். விடை தானாக வரும். பெரும்பாலும் அது exFAT-ஆக இருக்கும், இல்லாமலும் போகலாம். எந்த ஃபார்மட்டானாலும் பயணம் போகும் டிரைவில் ஒரே பிரதியை வைக்காதீர்கள். கொடுப்பதற்கு முன் வாங்குகிறவருடைய கணினியைப் போன்ற ஒன்றில் ஒரு முறை திறந்து, எழுதி, மூடிப் பாருங்கள். அதற்காகக் கல்யாண ஸ்டூடியோ வரை போக வேண்டியிருந்தாலும் போங்கள். திரை எதையாவது கேட்டால், கேட்கிறதே என்பதற்காகச் சரி சொல்லாதீர்கள்.

அந்தச் சம்பவத்துக்கு அடுத்த ஆண்டு, ஆயுத பூஜைக்கு முந்தைய நாள், வழக்கம்போல் ஆலை டீசலில் மணத்தது. சந்தானம் சுற்றி வந்தவர் ஆய்வறை வாசலில் நின்று, "எல்லாம் சுத்தம் பண்ணியாச்சா எத்திராஜு?" என்றார்.

ஸ்கேனர் மின்னியது. மேசை மின்னியது. மூலையில் கறுப்பு டிரைவ் மட்டும் துடைக்காத தூசியோடு இருந்தது. தேவகிருபை அதன்மேல் ஒட்டியிருந்த சீட்டில் அவள் கையெழுத்தில் 'exFAT. சொல்லிவிட்டு எடுக்கவும்' என்று இருந்தது.

"எல்லாம் ஆச்சு சார்" என்றார் எத்திராஜ். "அது மேல மட்டும் துணிகூடப் படல."

தேவகிருபை குங்குமத் தட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். "பொட்டு மட்டும் வெச்சிடுங்கண்ணா. அது ஒண்ணும் கேக்காது."

அவர் டிரைவைத் தொடாமல், மோதிர விரல் நுனியால் சீட்டின் ஓரத்தில் வைத்தார்.